மழை ஊரில் மாடித் தோட்டம்: பத்துப் பையில் தொடங்குங்கள்

மாடித் தோட்டம் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் தண்ணீர் ஊற்றத்தான் சொல்லித் தருவார்கள். காலையில் ஊற்று, மாலையில் ஊற்று, முடிந்தால் சொட்டுநீர் போடு என்பார்கள். மதுரைக்காரருக்கு அது சரி. குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் மூன்றரை சென்ட்டில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்குக் கதை வேறு. ஜூன் பிறந்ததும் கேரளத்து மழை எல்லை பார்க்காமல் இந்தப் பக்கமும் கொட்டும். அது ஓய்ந்து துணி காயப் போடுவதற்குள் அக்டோபரில் துலா மழை (வடகிழக்குப் பருவமழை) வந்து நிற்கும். இங்கே புதிதாகச் செடி வைப்பவர்கள் தோற்பதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர் வடியாததால்தான்.

நான் முதல் வருடம் செய்த கூத்தைச் சொல்கிறேன். மே மாதக் கடைசியில் செடி வளர்க்கும் பை இருபத்தைந்து வாங்கினேன். பக்கத்து ரப்பர் விளையிலிருந்து செம்மண் அள்ளி அப்படியே நிரப்பினேன். நர்சரியில் பார்க்க அழகாக இருந்த தக்காளி நாற்றைப் பன்னிரண்டு பைகளில் நட்டேன். ஜூன் இரண்டாம் வாரம், முழங்கால் உயரத்தில் நின்ற செடிகள் ஒரு நாள் மத்தியானம் தலையைத் தொங்கப்போட்டன. இலை மஞ்சளாகவில்லை, பச்சையாகவே வாடிக்கிடந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மூன்றாம் நாள் பன்னிரண்டில் ஒன்பது போய்விட்டது.

பக்கத்து வீட்டு அம்மாச்சி மதில் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "மக்களே, வாடினதுக்குத் தண்ணி கோரி ஊத்தாதே. தண்டை முறிச்சுத் தண்ணியில வச்சுப் பாரு" என்றார். அடித்தண்டில் இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடித்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். வெட்டின இடத்திலிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒன்று மெல்ல இறங்கியது. பால் துளி கரைவதுபோல. அதுதான் பாக்டீரியா வாடல் நோய். ரால்ஸ்டோனியா என்ற கிருமி மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறித் தண்டின் குழாயை அடைத்துவிடுகிறது. வேர் தண்ணீரில் நின்றாலும் உச்சிக்கு ஒரு சொட்டு ஏறாது. புளிப்பு மண்ணும், தேங்கின ஈரமும், வெக்கையும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். மூன்றும் நம் ஊரில் தாராளம்.

இனி வரும் யோசனைகள் எல்லாம் அந்த டம்ளரைப் பார்த்த பிறகு வந்தவை.

முதலில் வெயிலைத் தேடுங்கள்

பை வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது. காலை 8 மணி, 11 மணி, மத்தியானம் 2 மணி, மாலை 4 மணி என்று நான்கு தடவை மாடிக்கோ முற்றத்துக்கோ போய், வெயில் விழுகிற இடத்தைச் சாக்கட்டியால் கோடு போட்டு வையுங்கள். நம் பக்கம் ஒரு வீட்டைச் சுற்றி நாலு தென்னை, ஒரு பலா, அடுத்தவர் விளையில் ரப்பர் என்று இருக்கும். மாடி முழுக்க வெளிச்சமாகத் தெரிந்தாலும் நேர் வெயில் இரண்டு மணி நேரம்கூட விழாத மூலைகள் உண்டு. காய்க்கிற செடிக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரை நான்கு மணி நேரத்தில் ஒப்பேற்றிவிடும். அதற்கும் குறைவாக இருந்தால் காய்கறி ஆசையை விட்டுவிட்டுப் புதர் நல்லமிளகு (குறுமிளகு) வையுங்கள். காய்க்கிற பக்கக் கிளையிலிருந்து எடுத்த கன்று கொடியாக ஏறாமல் தொட்டியிலேயே புதராக நின்று நிழலிலும் காய்க்கும்.

இன்னொரு கவலை, மாடி தாங்குமா என்பது. 40 செ.மீ. உயரமும் 24 செ.மீ. அகலமும் உள்ள சாதாரணப் பை, முக்கால் பங்கு நிரப்பி நனைந்தால் 15 முதல் 18 கிலோ வரும். பத்துப் பை என்றால் மூன்று ஆள் நிற்கிற பாரம். மேலே இருக்கிற 500 லிட்டர் தண்ணீர் டேங்க் நிறைந்தால் அரை டன். அதைத் தாங்குகிற வீடு இதையும் தாங்கும். ஆனாலும் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக வரிசையாக வையுங்கள். பை தரையில் படக்கூடாது. இரண்டு செங்கல் மேல் வைத்தால் ஓட்டை அடைபடாது, தளமும் காயும். செங்கல் வாங்க மனமில்லாதவர்கள் கெட்டியான சிரட்டை (கொட்டாங்குச்சி) மூன்றைக் கவிழ்த்து அதன்மேல் வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பத்துப் பை போதும்

இருபத்தைந்து பை வாங்கினவள் சொல்கிறேன், பத்துக்கு மேல் முதல் வருடம் வேண்டாம். பத்துப் பையைப் பார்த்துக்கொள்ளக் காலையில் கால் மணி நேரம் போதும். இருபத்தைந்து என்றால் அது ஒரு வேலையாகிவிடும். வேலையானதும் தள்ளிப் போடத் தோன்றும். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் அசுவினிப் பூச்சி ஏறிவிடும்.

காசு மிச்சம் பிடிக்கச் சிமெண்டுச் சாக்கில் நடுகிறவர்கள் உண்டு. நடலாம், ஆனால் வெயிலில் ஒரு வருடத்தில் நார்நாராக உதிர்ந்து மாடியெல்லாம் பிளாஸ்டிக் பிசிறாகும். பெயிண்ட் வாளி அதைவிட எவ்வளவோ மேல். எந்தப் பாத்திரமானாலும் அடியில் மட்டும் ஓட்டை போட்டால் பற்றாது. பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் சுற்றிலும் ஆறேழு ஓட்டை வேண்டும். அடி ஓட்டை மண் படிந்து அடைத்துக்கொண்டாலும் பக்க ஓட்டை காப்பாற்றும். அடியில் இரண்டு துண்டு கதம்பை (தேங்காய் மட்டை) பிய்த்துப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

மண்ணுக்கு இரண்டு வாரம் கொடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டினேன்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்துச் செம்மண் புளிப்பு மண். வருடா வருடம் மழை கழுவிக் கழுவிச் சுண்ணாம்புச் சத்தை இறக்கிக்கொண்டு போய்விடும். அந்தப் புளிப்பைத் தணிக்காமல் எவ்வளவு உரம் போட்டாலும் வேர் எடுக்காது. அதனால் முதல் வேலை சுண்ணாம்பு. ஒரு பைக்கு வேண்டிய மண்ணுக்கு 50 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி, நீற்றின சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கிளறி, லேசாகத் தண்ணீர் தெளித்து, மழை படாத இடத்தில் குவித்து வையுங்கள். இரண்டு வாரம் கிடக்கட்டும். அவசரப்பட்டுச் சாணியையும் சேர்த்துப் போட்டீர்களானால் சாணியிலிருக்கிற தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கைத் துளைக்கிற வாடை வரும், சத்து போய்விடும்.

இந்த இரண்டு வாரத்தில் தென்னை நார்க்கழிவைத் தயார் செய்துகொள்ளலாம். கடையில் கோகோபீட் என்று கேட்டால் 5 கிலோ கட்டியாகத் தருவார்கள். அது தண்ணீர் குடித்து உப்பினால் பெரிய அண்டா நிறையும். அப்படியே போட்டுவிடாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறின கதம்பையிலிருந்து வந்ததாக இருந்தால் நாற்றின் நுனி கருகும். நல்ல தண்ணீரில் இரண்டு தடவை ஊற வைத்துப் பிழிந்து எடுங்கள். முதல் தடவை டீ டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் இறங்கும். இரண்டாம் தடவை வெளுத்துவிடும்.

பிறகு சுண்ணாம்பு கலந்த மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிப் பொடியான சாணி ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பச்சைச் சாணி கூடவே கூடாது, அது பையில் கிடந்து மக்கும்போது சூடேறி வேரைப் பொசுக்கும், வண்டும் புழுவும் வரும். பையை முக்கால் அளவுதான் நிரப்ப வேண்டும். வளர வளர மேலே மண் அணைக்க இடம் வேண்டும்.

எப்போது தொடங்குவது

என் தீர்ப்பு, டிசம்பர் நடுவில். துலா மழை அடங்கி, பனியும் வெயிலும் மாறி மாறி வரும் நேரம். நவம்பர் கடைசியில் மண்ணைச் சுண்ணாம்பு போட்டு மூடி வைத்தால் கணக்குச் சரியாக வரும். மே வரை அறுவடை செய்யலாம். தண்ணீர் தினமும் ஊற்ற வேண்டியிருக்கும், ஆனால் எவ்வளவு தண்ணீர் என்பது உங்கள் கையில் இருக்கும். மழைக்காலத்தில் அது உங்கள் கையில் இல்லை.

ஓணம் கழிந்ததும் விதைக்கிறவர்களும் உண்டு. துலா மழை வரும்போது செடிக்கு ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும், ஓரளவு தாங்கும். வெண்டையும் வழுதலையும் (கத்திரி) மே கடைசியில் விதைத்து ஜூன் மழையிலேயே வளர்ப்பார்கள் பழகின ஆட்கள். முதல் தடவைக்கு அது வேண்டாம்.

என்ன வைப்பது

என் பத்துப் பை இது: கீரை மூன்று, நீளப் பயறு இரண்டு, வெண்டை இரண்டு, வழுதலை ஒன்று, காந்தாரி மிளகு (சின்னக் கார மிளகாய்) ஒன்று, கறிவேப்பிலை ஒன்று. (கத்திரிக்காயை இங்கே வழுதலங்காய் என்போம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பூமி, சந்தைத் தமிழிலும் அந்த வாசம் போகவில்லை.) தக்காளி இதில் இல்லை, கவனித்திருப்பீர்கள். முதல் வருடம் தக்காளி வைக்காதீர்கள். வைத்தே தீர வேண்டுமென்றால் வாடல் நோயைத் தாங்குகிற ரகம் தேடுங்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகம் இதற்காகவே தக்காளியில் சக்தி, முக்தி, அனகா, கத்தரியில் சூர்யா, ஸ்வேதா, ஹரிதா, மிளகாயில் உஜ்வலா என்று ரகங்கள் கொடுத்திருக்கிறது. நம் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் மண்ணும் மழையும் ஒன்றுதான், அதனால் இந்த விஷயத்தில் அவர்கள் விதை நமக்கும் ஒத்துவரும். திருவனந்தபுரம் போகிற வேலை இருந்தால் வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் விசாரிக்கலாம். இந்தப் பக்கம் பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் என்ன விதை, என்ன மானியம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

கீரையிலிருந்து தொடங்குங்கள். விதைத்த 25, 30 நாளில் பறிக்கலாம். புதியவருக்கு அந்த வேகம் ரொம்ப முக்கியம், இல்லையென்றால் மனம் விட்டுப்போகும். கீரை விதை கடுகைவிடப் பொடிசு. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். விழுந்ததை எறும்பு வரிசை கட்டி இழுத்துக்கொண்டு போகும். ஒரு தேக்கரண்டி விதைக்கு ஒரு கைப்பிடி ரவை கலந்து தூவுங்கள். விதை பரவலாக விழும், எறும்பு ரவையைத் தூக்கிக்கொண்டு விதையை விட்டுவிடும். முதல் தடவை இதைச் செய்தபோது நான் குந்தியிருந்து பார்த்தேன். ஒரு எறும்பு விதையை எடுத்தது, கொஞ்சதூரம் போனது, கீழே போட்டுவிட்டு ரவையை எடுத்துக்கொண்டு போனது. தூவின பிறகு மண் போட்டு மூட வேண்டாம். கையால் மெல்லத் தட்டிவிட்டுப் பூவாளியில் தெளித்தால் போதும். வாளியோடு ஊற்றினால் எல்லா விதையும் ஒரு ஓரத்தில் போய் ஒதுங்கும்.

வெண்டையையும் பயறையும் ராத்திரி ஊற வைத்து, விரல் நுனி ஆழத்தில் நேராகப் பையிலேயே ஊன்றுங்கள். வெண்டை ஒரு பைக்கு இரண்டு செடி. பயறும் இரண்டு, ஏறுவதற்குக் கயிறு கட்டிக் கொடுங்கள். இரண்டும் 45, 50 நாளில் காய்க்கத் தொடங்கும். வழுதலையும் காந்தாரியும் நாற்றுவிட்டு நான்கைந்து இலை வந்ததும் மாற்றி நட வேண்டியவை. சாயங்காலம் நடுங்கள், மூன்று நாள் ஓலைக் கீற்றால் நிழல் கொடுங்கள். காந்தாரி தாமதமாகத்தான் காய்க்கும், ஆனால் காய்க்கத் தொடங்கினால் இரண்டு மூன்று வருடம் நிற்கும். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவிக்கிற அன்றைக்கு மாடிக்குப் போய் நாலு பறித்து வந்து உப்பும் சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) வைத்துச் சதைத்து, தேங்காய் எண்ணெய் ஊற்றினால், மற்ற ஒன்பது பை காய்க்காவிட்டாலும் மன்னித்துவிடலாம்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நாலு வெண்டைச் செடியில் ஒரு குடும்பத்துக்குப் பொரியல் கிடைக்காது. இரண்டு நாளைக்கு ஒருமுறை ஐந்தாறு காய் வரும். சேர்த்து வைத்துச் சாம்பாரில் போடலாம். கீரையும் கறிவேப்பிலையும் மிளகாயும்தான் உண்மையாகவே கடைச் செலவைக் குறைப்பவை.

தண்ணீர், தீனி

நடுவிரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் பைக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை பிடிக்கும். மேல்மண்ணைக் காய்ந்த சருகால் மூடி வைத்தால் பாதி வேலை குறையும். மழை வந்தால் சருகை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நத்தைக்கு மெத்தை போட்ட மாதிரி.

தீனிக்கு, 100 கிராம் கடலைப் புண்ணாக்கும் 100 கிராம் சாணியும் ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கு நாள் புளிக்க வைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, வாரம் ஒருமுறை பைக்கு அரை லிட்டர் ஊற்றுங்கள். நாற்றம் பயங்கரமாக இருக்கும். விருந்தாளி வருகிற அன்றைக்குத் திறக்காதீர்கள். கடற்கரை பக்கத்தில் இருப்பதில் ஒரு லாபம், மீன் கழிவுக்குப் பஞ்சமில்லை. சாளை மீன் தலையும் குடலும் எடுத்து, அதே எடைக்கு வெல்லம் நொறுக்கிக் கலந்து, மூடிய பரணியில் ஒரு மாதம் நிழலில் வைத்தால் தேன் மாதிரி ஒரு கரைசல் தெளியும். லிட்டருக்கு 2 மில்லி கலந்து தெளிக்கலாம். கருப்பட்டி விற்கிற விலைக்கு அதை இதற்குப் போட வேண்டாம், மட்டமான வெல்லமே போதும்.

வருகிற வில்லங்கங்கள்

பயற்றங்காய் நுனியில் கறுப்பாக அப்பிக்கொண்டு இருப்பது அசுவினி. கூடவே எறும்பு ஊர்ந்தால் சந்தேகமே வேண்டாம். கண்ட அன்றைக்கே விரலால் நசுக்கித் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் பாதி போய்விடும். மீதிக்கு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய், 20 கிராம் பூண்டு அரைத்த சாறு, ஐந்து கிராம் பார் சோப்புக் கரைசல். சோப்பை முதலில் எண்ணெயில் கலக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் மேலே மிதந்து இலையைப் பொசுக்கும். மாலையில் மட்டும் அடியுங்கள். இந்த ஊரில் எந்த வீட்டுப் பின்னாலும் தேனீப் பெட்டி இருக்கும். காலையில் பூவுக்கு வருகிற தேனீதான் பூசணி, வெள்ளரி வகைகளுக்கு மகரந்தம் சேர்த்துத் தருவது.

மழைக்காலத்து ராத்திரியில் உள்ளங்கை அளவு ஆப்பிரிக்க நத்தை ஏறி வந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு அதில் இருக்கக்கூடும். நனைந்த சாக்கில் முட்டைக்கோஸ் இலையோ பப்பாளித் தண்டோ வைத்தால் விடிவதற்குள் அதற்குள்ளே கூடியிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

செங்கீரைக்கு வருகிற வெள்ளைப் புள்ளி இன்னொரு தொல்லை. மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறிக்கும்போது பூஞ்சை இலைக்கு ஏறுகிறது. புள்ளி விழுந்த கீரையைச் சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள், வீட்டிலும் யாரும் தொடமாட்டார்கள். இதற்கு மருந்தைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பச்சைக் கீரையில் கோ 1 என்ற கோயம்புத்தூர் ரகத்துக்கு இந்த நோய் பிடிப்பதில்லை. கேரளத்து அருண் என்ற செங்கீரை விதையோடு அதைக் கலந்து தூவினால், நடுவில் நிற்கிற பச்சைச் செடி பரவலைத் தடுக்கும். என் மூன்று கீரைப் பைகளிலும் இப்போது இரண்டு மாநிலமும் கலந்துதான் முளைக்கிறது.

மே மாதம் பை காலியானதும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். தக்காளியோ வழுதலையோ மிளகாயோ வாடிச் செத்த பையின் மண்ணை மட்டும் தனியாக எடுத்துத் தென்னைமூட்டில் போட்டுவிடுங்கள், மண்வெட்டியையும் கழுவிக் காய வையுங்கள். மற்ற மண்ணில் வேரைப் பொறுக்கி, மழைக்கு முன் கிடைக்கிற வெயிலில் ஈரமாக்கிக் கண்ணாடி பாலித்தீனால் இறுக மூடி வைக்கலாம். அடுத்த தடவை வழுதலை நின்ற பைக்குப் பயறு போகட்டும், பயறு நின்றதற்குக் கீரை போகட்டும். எந்தப் பையில் என்ன நின்றது என்பது ஆறு மாதம் கழித்து நினைவிருக்காது. பை மேல் பெயிண்டால் எண் போட்டு, சமையலறைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஏழாம் எண் பைக்கு இந்த டிசம்பரில் அனகா தக்காளி. டம்ளரும் பக்கத்திலேயே இருக்கிறது.